நோயாளி சிரித்தால் தப்பா?

கேள்வி:

எனக்கு வயது 47. சேலம் அம்மாபேட்டை. வீட்டுக்காரர் தறி நெய்கிறார், நான் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முன்பெல்லாம் எங்கள் தெருவில் நான் இருக்கிற இடம் ஒரே சிரிப்பாக இருக்கும். நெசவாளர் சொசைட்டி மேனேஜர் மாதிரி, சீட்டுப் பணம் கேட்டு வருகிற அம்மா மாதிரி எல்லாம் பேசிக் காட்டுவேன். இப்போது சிரிப்பே வருவதில்லை. மகன் செல்போனில் வடிவேலு காமெடியாகப் போட்டுக் காட்டுகிறான், சும்மா பார்த்துக் கொண்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "வாய்விட்டுச் சிரி, நோய்விட்டுப் போகும்" என்கிறார்கள்.

போன மாதம் டயாலிசிஸ் யூனிட்டில் பக்கத்து பெட் பெரியவர் சொன்னதைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். லீ பஜாரில் மூட்டை தூக்கியவர் அவர். "நாப்பது வருசம் மூட்டை இறக்குனேன், கூலி கொடுத்தாங்க. இங்க வாரத்துக்கு ரெண்டு வாட்டி என் மேல இருந்தே ரெண்டரை கிலோ தண்ணி இறக்குறாங்க. கூலி எனக்கா, மிசினுக்கா?" என்று நர்ஸிடம் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் கை அசைந்து மிஷின் கத்திவிட்டது. துணைக்கு வந்திருந்த நாத்தனார் வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் சிரிக்கிறா, இவளுக்கா சீக்கு?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிரிக்கவே பயமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ராத்திரி பகலாக உழைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் சிரிப்பது பாவம் போலத் தோன்றுகிறது. சில நாள் தூக்கமும் இல்லை. ஏற்காடு கூட்டிப் போகிறேன், சிரிப்பு தானாக வரும் என்கிறான் மகன். எதைப் பார்த்தால் எனக்குப் பழையபடி சிரிப்பு வரும்? சிரிப்பது தப்பா?

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. பெரியவர் கேட்ட கூலிக் கணக்கைப் படித்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

உங்கள் நாத்தனார் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். சீக்காளி என்றால் சுருண்டு படுத்திருக்க வேண்டும், முனக வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் பழகியிருக்கிறோம். இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்ற வழக்கத்தை, உயிரோடு இருக்கிறவர்களின் கட்டில் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறோம். மருத்துவ உளவியலாளராக டயாலிசிஸ் பிரிவிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் முகத்தை மாற்றிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவரை பேரனோடு விளையாடிக் கொண்டிருந்தவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். சிரித்த முகத்தைக் கண்டால் "நோயே இல்லை" என்று ஊர் பேசிவிடும், உதவி செய்கிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை.

ஆனால் சிரிப்பு வந்தால் சீக்கு போய்விட்டது என்று பொருளாகிவிடாது. ரத்தத்தில் சேர்கிற கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், முகம் சொல்லாது. நீங்கள் சிரித்த அந்த நிமிடத்திலும் உங்கள் ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. நாத்தனார் அடுத்த முறை அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "சிரிச்சாலும் செவ்வாக்கிழமை ஊசி குத்திக்கத்தானே போறேன் அண்ணி" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்து, வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் பழமொழி. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிற நோயாளிக்கு அது இன்னொரு மாத்திரைச் சீட்டாகப் போய்விடுகிறது. சிரிக்க முடியாத நாளில், "குணமாகாததற்கு நான்தான் காரணமோ, நான் சரியாகச் சிரிக்கவில்லையோ" என்ற எண்ணம் வரத் தொடங்கும். அந்த எண்ணத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதனால் சிரிப்பு உடம்புக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கசின்ஸ் 1964-ல் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும் நோயில் படுத்தார். ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறி, நகைச்சுவைப் படங்களை ஓட்டிப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976-ல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கதை இது. ஆனால் ஒரே ஆளின் அனுபவம். கூடவே அவர் வைட்டமின் சி-யும் ஏராளமாக ஏற்றிக்கொண்டார். அவருக்கு வந்தது அந்த நோய்தானா என்றே பின்னால் சில மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதை வைத்துச் சிரிப்பு நோயைத் தீர்க்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வலியைப் பற்றி மட்டும் இதைவிட உறுதியாகப் பேச முடியும். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைச் சேர்த்து உட்கார வைத்து நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டினார்கள். காட்சிக்கு முன்னும் பின்னும், ஐஸ்போலக் குளிர்ந்த உறை ஒன்றைக் கையில் மாட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சிரித்தவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். 2017-ல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களுக்கு மூளையில் வலியைத் தணிக்கும் இயற்கைச் சுரப்பு கூடியதை ஸ்கேனில் கண்டார்கள். ஆகவே சிரிப்பு உங்கள் சிறுநீரகத்தைத் திருப்பித் தராது. ஊசி குத்துகிற வலியையும் நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கிற சலிப்பையும் கொஞ்ச நேரம் இளக்கிக் கொடுக்கும். இதுவே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஆய்வுகளில் ஆட்கள் மற்றவர்களோடு சேர்ந்துதான் சிரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மகன் காட்டும் வடிவேலு காமெடி உங்களிடம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பொது இடங்களில் மக்கள் இயல்பாகச் சிரித்த 1200 தருணங்களைத் திரட்டிப் பார்த்தார். ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கேட்டுச் சிரித்தது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் "சரி, நான் கிளம்புறேன்", "இவன் எங்க இங்க?" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு, கூட ஆள் இருக்கும்போது சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். மகன் செல்போனை உங்கள் முன்னால் பிடித்துக்கொண்டு, அம்மா சிரிக்கிறாளா என்று உங்கள் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பான். பரீட்சை எழுதுகிற நிலைமையில் யாருக்குச் சிரிப்பு வரும்? அவனும் உங்களோடு சேர்ந்து திரையைப் பார்த்து, அவனே விழுந்து விழுந்து சிரித்தால் உங்களுக்கும் தொற்றலாம். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்து போய்விடாது.

இன்னொன்றையும் உங்கள் கடிதத்தில் கவனித்தேன். பழையபடி சிரிப்பு வர எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆனால் பழையபடி நீங்கள் எதையும் பார்த்துச் சிரித்தவர் இல்லையே. தெருவையே சிரிக்க வைத்தவர். சொசைட்டி மேனேஜரின் குரலை எடுத்துப் பேசியவர். நோய் வந்த பிறகு எல்லாரும் உங்களுக்குக் கொடுக்கிறார்கள்: சாப்பாடு, மாத்திரை, ஆறுதல், இப்போது காமெடியும். நீங்கள் யாருக்கும் எதையும் கொடுக்கிற இடத்தில் இல்லை. இந்த ஒரு இடத்திலாவது நீங்கள் கொடுக்கிறவராக மாற வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற முக்கியமான யோசனை.

அதற்கு வேண்டிய சரக்கு யூனிட்டிலேயே இருக்கிறது. வந்ததும், உடம்பில் எவ்வளவு நீர் கட்டியிருக்கிறது என்று பார்க்க எடைமேடையில் ஏற்றுகிறார்களே, அந்த நேரத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள். முந்தின நாள் திருட்டுத்தனமாக இரண்டு டம்ளர் மோர் குடித்தவர் செருப்பைக் கழற்றுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், சட்டைப் பையில் இருக்கிற சில்லறையைக்கூட எடுத்து வெளியே வைப்பார். உணவு ஆலோசகர் சொல்லுகிற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளியைக் குறை, கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடி, மாம்பழத்தைத் தொடாதே. சேலத்தில் இருந்துகொண்டு, மே மாதத்தில், கடைக்குக் கடை மல்கோவாவும் இமாம்பசந்தும் குவிந்து கிடக்கும்போது! எனக்குத் தெரிந்த டயாலிசிஸ் நோயாளி ஒருவர், தட்டுவடை செட் போடும் கடையைத் தாண்டும்போது கடன் கொடுத்தவரைக் கண்டதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடப்பார். முதலில் கண்கலங்கிய அவர் மனைவி, பிறகு தானும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தார். கடைக்காரரும் இப்போது கண்டும் காணாததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். உப்பையும், பழத்திலும் இளநீரிலும் இருக்கிற பொட்டாசியத்தையும் தள்ளி வைப்பது உயிர் காரியம், அதில் சமரசம் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டை மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டாக்கிக் கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் உணவு ஆலோசகர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பேசிக் காட்டுங்கள்.

யாரிடம் முதலில் பேசிக் காட்டுவது? உங்கள் வீட்டுக்காரரிடம்தான். கடிதத்தில் அவரைப் பற்றி எழுதிய இரண்டு வரிகளைப் பலமுறை படித்தேன். அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் சிரிப்பை அடக்குகிறீர்கள். இவள் இந்த நிலையில் இருக்கும்போது எனக்கென்ன சிரிப்பு என்று உங்கள் முகத்தைப் பார்த்து அவர் அடக்குகிறார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களிடம் தனியாகப் பேசினால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: "கடைசியா எப்ப சிரிச்சேன்னே ஞாபகம் இல்லீங்க." அன்றைக்கு நாத்தனார் வாய்வழியாக அவருக்குப் போன செய்தி, நீங்கள் சிரித்தீர்கள் என்பது மட்டும். எதற்குச் சிரித்தீர்கள் என்பது போயிருக்காது. லீ பஜார் பெரியவரின் கூலிக் கணக்கு அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள். பெரியவரின் குரலிலேயே சொல்லுங்கள். நாள் முழுக்கக் கூலிக்காகத் தறியில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

இதையே ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். யூனிட்டிலிருந்து வந்ததும் வீட்டில் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: எடை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, அடுத்த மருந்து எப்போது. அதற்குப் பதில் சொல்லி முடித்ததும், "இன்னிக்கு அங்க என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஒரு விஷயம் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனிதர்களைப் பற்றியதாக இருந்தால் போதும்.

பழைய சிரிப்புகளும் இருக்கின்றன. ஆடி மாதம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்குப் போயிருப்பீர்கள். சிவனும் முருகனும் அம்மனுமாக வேடம் கட்டி ஜோடித்த வண்டியில் அசையாமல் நிற்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். பிறகு அதே அம்மன் ஒரு கையில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மீசை இருந்த இடத்தைச் சொறிந்துகொண்டே டீக்கு நிற்பார். இப்படி உங்கள் தெருவுக்கென்று எத்தனையோ இருக்கும். உங்களோடு தார் சுற்றிய பெண்களில், "ஐயோ பாவம்" என்று தொடங்காத ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் அரைமணி நேரம் வந்து உட்காரச் சொல்லுங்கள். அவரே பழையதைக் கிளறுவார். கூட்டமாக வர வேண்டாம், அதற்கு உடம்பு தாங்காது.

நோயை வைத்துச் சிரிக்கும் உரிமை நோய் வந்தவர்களுடையது. நீங்கள் ஆரம்பித்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். வருகிற விருந்தாளி அதைத் தொடங்கக் கூடாது. யாராவது உங்கள் கையில் டயாலிசிஸ் ஊசிக்காகச் செய்த ரத்தக்குழாய் இணைப்பு (ஃபிஸ்டுலா) புடைத்திருப்பதைப் பார்த்துக் கிண்டல் செய்து, அது உங்களுக்குச் சுருக்கென்று தைத்தால், முகத்துக்காகச் சிரித்து வைக்காதீர்கள். "அது எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லலாம். பூங்காக்களில் கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்கும் பயிற்சியை, மருத்துவர் மதன் கட்டாரியா 1995-ல் மும்பையில் ஐந்து பேரோடு தொடங்கினார். சிலருக்கு அது நன்றாக ஒத்துவருகிறது. உங்களைப் போல இயல்பாகவே குறும்பு உள்ளவருக்கு அது தேவைப்படாது என்பது என் கணிப்பு. போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றினால் தடையில்லை.

உடம்பு விஷயத்திலும் சிறிது கவனம் வேண்டும். ஊசி குத்தியிருக்கும் கையை அசைத்தால் மிஷின் கத்துவது மட்டுமில்லை, ஊசி நகர்ந்து ரத்தம் கசிந்துவிடலாம். சிரிப்பு வரும்போல இருந்தால் அந்தக் கையைத் தலையணையில் அழுத்தி வைத்துக்கொண்டு சிரியுங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் சிரிப்பு வராது, வரவும் வேண்டாம். நீண்ட பேச்சையும் ஆட்களையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"சில நாள் தூக்கமும் இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதைத் தாண்டிப் போக முடியாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பலருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. அந்தப் பெரியவர் பேச்சுக்கு உங்களுக்குச் சிரிப்பு வந்ததே, அது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல், நாளில் பெரும்பாலான நேரம், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் தள்ளிப் போடாதீர்கள். முதலில் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தாலும், டயாலிசிஸ் போதுமான அளவு நடக்காவிட்டாலும், உடம்பில் இதே மாதிரி ஒரு மந்தம் வரும். அதைப் பரிசோதித்துச் சரிசெய்யலாம். தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்புக்கு மருந்தின் அளவே வேறு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்றோ, இந்த வாரம் டயாலிசிஸ் வேண்டாம் என்றோ தோன்றிய அன்றைக்கு மட்டும் யோசிக்காமல், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உடனே அழையுங்கள்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போய் வரலாம், உங்கள் மருத்துவர் சரி என்றால். வெள்ளிக்குப் பிறகு செவ்வாய் வரைக்கும் இடைவெளி அதிகம், உடம்பில் நீர் கட்டும். அதனால் ஞாயிறு, திங்கள் வேண்டாம். புதன் போங்கள், இல்லாவிட்டால் சனி. 20 கொண்டை ஊசி வளைவு, 1500 மீட்டர் உயரம். ரத்தம் குறைவாக இருந்தால் நடக்கும்போது மூச்சு வாங்கும், ஆகவே காட்சி முனைகளுக்கெல்லாம் ஓடாமல் ஏரிப் பக்கம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை அளந்து ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் என்று வழியெல்லாம் டீயோ காபியோ குடித்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. பெடல் படகில் புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆளுக்கொரு பக்கம் திருப்பி, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வேகவைத்த சோளத்தைக் குரங்கிடம் பறிகொடுத்த மனிதர் அதனோடு நியாயம் பேசிக்கொண்டிருப்பார். மே மாதக் கோடை விழா நேரமாக இருந்தால் நாய்க் கண்காட்சியும் இருக்கும். நாய்களைவிட அவற்றைக் கூட்டிவந்தவர்களைப் பாருங்கள்.

சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது நல்ல காற்று, மகனோடு ஒரு நாள். "போட்டோ எடுக்கிறேன், சிரிம்மா" என்று மட்டும் அவன் சொல்ல வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.